ஈரப் பஞ்சில் மூன்று நாள்

உன் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. பெட்டி மாறி வந்துவிட்டதோ என்று மூடியைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை, உன்னுடையதுதான். தடுப்பூசி மருந்தை ஐஸ் வைத்து எடுத்துப் போகும் அதே நீலப் பெட்டி. கைப்பிடியில் நீ சுற்றிய அதே வெள்ளைப் பிளாஸ்திரி. ஆனால் உனக்கும் நெயில் பாலிஷுக்கும் என்ன சம்பந்தம்? இத்தனை வருடப் பழக்கத்தில் உன் நகத்தில் நான் பார்த்த ஒரே சாயம் ஆட்டுக் குளம்புப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்துதான். அதைக்கூடச் சாப்பாட்டுக்கு முன் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாய்.

உன் வீட்டுக்காரர் அன்று காலையில் மேச்சேரியிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தார். நீ போய் நாற்பது நாள் ஆனதும் வீட்டில் உன் சாமான்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னேன். "இல்லீங் டீச்சர், வெயில் ஏறதுக்குள்ள போயிடறேனுங்க" என்று வாசலிலேயே நின்றார். நான் டீச்சர் இல்லை, கல்லூரி வேதியியல் லேபில் பாட்டில் கழுவி அடுக்குகிறவள் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அந்த மனிதருக்கு நான் டீச்சர்தான்.

"இதுல நோவு புடிச்ச காசு ஒன்னு இருக்குதுங்களாமா. புள்ளைக தொட்டுருமோன்னு எங்கம்மா பயப்படறாங்க. நீங்கதானுங்களே அதுக்கு நோவுன்னு கண்டுபுடிச்சுச் சொன்னது, அதான் உங்ககிட்டயே குடுத்தர்லாம்னு எடுத்தாந்துட்டேன்" என்றார்.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. டாக்டர் எழுதிய சீட்டை டாக்டரிடமே திருப்பிக் கொடுப்பது போல மரியாதையாகத்தான் கொடுத்தார். எனக்குத்தான் சுரீரென்றது. ஆமாம், நான்தான் சொன்னேன். இருபது பேர் இருந்த கூட்டத்தில் சத்தமாகச் சொன்னேன்.

அந்தக் கூட்டத்துக்கு நாம் எத்தனை வருடமாகப் போனோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, சேலத்தில் கல்யாண மண்டபத்து மாடி. பழைய காசு சேர்ப்பவர்கள் கூடும் இடம். முதல் தடவை நான் மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துவிட்டு அங்கே வந்தபோது அத்தனை ஆண்களுக்கு நடுவில் நீ ஒருத்தி உட்கார்ந்திருந்தாய். காலுக்கடியில் இந்த நீலப் பெட்டி. உன் சேலையில் ஆட்டு வாடை அடித்தது. பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி, "இங்க வா புள்ள, இவங்க நமக்குக் கடைசியாத்தான் டீ குடுப்பாங்க, ஒன்னா உக்காந்து ஒன்னா வாங்கிக்கலாம்" என்றாய். என் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டாய்.

நீ கால்நடை ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் ஆடு மாடுகளுக்கு ஊசி போடுகிறவள். காசையும் ஆட்டைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாய். மற்றவர்கள் எந்த ராஜா, எந்தக் காலம் என்று பூதக்கண்ணாடியோடு சண்டை போடும்போது நீ காசை விளிம்போடு பிடித்து மெல்லத் திருப்பி, "தோலு நல்லாருக்குது" என்பாய். செம்பின் மேல் படிந்த கெட்டியான கரும்பச்சை உனக்குத் தோல். அது காசைக் காப்பாற்றும், அதைத் தேய்த்து எடுப்பவன் முட்டாள் என்பதில் நமக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் என் வாயால்தான். ஒரு காசைப் பார்த்ததும் எனக்குத் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நீ சிரிப்பாய். "பட்டியில நுழைஞ்ச ஒடனே இந்த ஆட்டுக்கு இன்ன நோவுன்னு சொன்னா ஆட்டுக்காரன் என்னைய நம்புவானா புள்ள? அக்கட்டாலத் தனியாக் கட்டோணும். மூனு நாளு பாக்கோணும். பொறவுதான் வாயத் தொறக்கோணும்." அதற்கு நான், "உன் ஆடு கத்தும், என் காசு கத்தாது, அதான் நான் கத்துறேன்" என்பேன். அதற்கும் சிரிப்பாய்.

திருச்செங்கோட்டுப் பழைய பாத்திரக் கடைக்கு நாம் போன நாள் நினைவிருக்கிறதா? தராசுக்கு அடியில் ஒரு தகரத் தட்டில் ஓட்டைக் கரண்டியும் உடைந்த தாழ்ப்பாளும் கிடந்தன. அதற்குள் இரண்டே இரண்டு பழைய காசுகள். ஒன்று வட்டம், சோழர் காலத்துச் செப்புக்காசு, ஒருபுறம் நிற்கும் மனிதன், மறுபுறம் உட்கார்ந்த மனிதன், உடம்பு முழுக்கப் பளபளவென்று பச்சை. இன்னொன்று விரல் நகம் அளவுக்குச் சதுரம், கறுப்பாக, ஒன்றும் தெரியாமல். "நீ மொதல்ல எடு புள்ள" என்றாய். நான் வட்டத்தை எடுத்தேன். பெரியது, அழகானது, வேறென்ன யோசிக்க இருக்கிறது. நீ சதுரத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாய். அடுத்த வாரம் போன் பண்ணினாய். "வெறுந்தண்ணியில ஊற வெச்சு மண்ணு எறங்குச்சு புள்ள. யானை. பொறத்தால வில்லும் அம்பும். சேரங்காசு."

உன் குரலில் பெருமையே இல்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. இதை உயிரோடு இருந்த உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். சோழக் காசு எல்லார் டப்பாவிலும் கிடக்கும். யானையும் வில்லும் போட்ட சதுரக் காசு நம் கூட்டத்தில் ஒருவரிடமும் இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லாரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். நான் டீ தம்ளரோடு வெளியே நின்றேன்.

பொறாமையை மறைக்க ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தேன். காசு வைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் கவர். "சும்மா மாத்திரை டப்பாவுல வெச்சிருக்கியே, இதுல வை" என்றேன். நீ சந்தோஷமாக வாங்கிக்கொண்டாய். என் காசுகளை நான் வைத்திருந்த விதம் உனக்குத் தெரியும். ஆத்தூர் பக்கம் சேகோ ஆலையில் ஃபிட்டராக இருக்கும் என் தம்பி மாதா மாதம் ஜவ்வரிசி கொண்டு வருவான். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டால் ஈரம் இழுத்துக்கொள்கிறதே, அந்தக் கணக்கில் ஒரு டின் நிறைய ஜவ்வரிசி கொட்டி, காசுகளை அதற்குள் புதைத்து வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய கர்வம். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அது வெள்ளையா வாரதுக்கு என்னமோ போடுவாங்கன்னு சொல்றாங்களே புள்ள, அது காசுக்கு ஆவுமா?" நான் கேட்டேன், "கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கிறது நீயா நானா?" நீ அத்தோடு விட்டுவிட்டாய்.

அப்புறம்தான் அந்த ஞாயிறு.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசுக் கண்காட்சி வைக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு. ஆளுக்கு ஒரு நல்ல காசு மேசையில் வைத்தோம். என் வட்டக் காசு நடுவில். நீ உன் யானையை நான் கொடுத்த கவரோடு வைத்தாய். இரண்டு வருடமாக அந்தக் கவரில் இருந்திருக்கிறது. யானையின் முதுகில், காதோரத்தில், விளிம்பில் எல்லாம் பளிச்சென்று பச்சை. நான் கவரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி வந்தது. அந்தக் குஷியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

"இது வெண்கல நோய்" என்றேன்.

கூட்டமே திரும்பியது. புதிதாக வந்தவர்களுக்காக விளக்கம் வேறு கொடுத்தேன். மண்ணில் கிடந்தபோது உப்பு செம்புக்குள் இறங்கிவிடும், ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும், வெளிர்பச்சைப் பொடியாக வெளியே வரும், துடைத்தாலும் மறுபடி வரும், காசை உள்ளே இருந்து தின்று குழி பறித்துவிடும் என்றெல்லாம். சொன்ன பாடம் அத்தனையும் சரி. காட்டிய காசுதான் தப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆட்டு நோவு பாக்கிறவளுக்குக் காசு நோவு பாக்கத் தெரியலையே" என்று சேர்த்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்த தன் காசை அவசரமாக எடுத்துப் பையில் போட்டார். அது ஒட்டிக்கொள்ளும் வியாதி போல.

உன் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு கவரை எடுத்து நீலப் பெட்டிக்குள் வைத்தாய். "செரி புள்ள. தனியா வெச்சுக்கறேன்" என்றாய். அவ்வளவுதான்.

கிளம்பும் முன் மேசைக்கு வந்து என் வட்டக் காசின் மேல் குனிந்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். காசுக்கு அருகே மேசைத் துணியை ஆட்காட்டி விரலால் ஒற்றி, விரலை வெளிச்சத்தில் பார்த்து, சேலைத் தலைப்பில் துடைத்தாய். "என்ன, கண்ணு வைக்கிறியா?" என்று கேட்டேன். மறுபடியும் அந்தச் சிரிப்பு. டீ வருவதற்கு முன்பே பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதன் பிறகு நீ கூட்டத்துக்கு வரவே இல்லை. உன் பேச்சு வந்தால் "நோவுக் காசு அம்மா" என்றார்கள். நான் திருத்தவில்லை.

மூன்று தடவை போன் பண்ணினாய். திரையில் "மேச்சேரி" என்று வரும். உன் பெயரை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சண்டை போடத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். இல்லையென்றால் மருந்து கேட்டுக் கெஞ்சுவாய், கெஞ்சட்டுமே என்று நினைத்தேன். வாட்ஸ்அப்பிலும் உன்னைத் தடுத்து வைத்தேன். ஐம்பது தாண்டிய பொம்பளை செய்கிற காரியமா அது? செய்தேன். ஐப்பசி மழை வந்து போயிற்று, கிறிஸ்துமஸ் வந்தது, உனக்குக் கேக் கொடுத்து அனுப்பவில்லை. தை கழிந்து ஒரு நாள் தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பியவள் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதே சரிந்துவிட்டாய் என்று சேதி வந்தது. மாரடைப்பு. வந்தேன். பந்தலுக்கு வெளியிலேயே நின்றேன். சாயங்காலம் பட்டிக்குத் திரும்பிய செம்மறிகள் உன் வீட்டு வாசல் வழியாகத்தான் போயின. அவற்றை ஓட்டி வந்த ஆள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று அழுதான். எனக்கு அழக்கூட வரவில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

உள்ளே மூடி சரியாகத் திருகாத ரிமூவர் பாட்டில், அதுதான் வாடை. ஒரு பஞ்சுச் சுருள். நாலைந்து ஊசிகள். மூடி இறுக்கமான சின்ன டப்பா ஒன்று. உன் ஆட்டு நோட்டு. ஒரு காகித உறை. உறையைப் பிரித்துக் கையில் கவிழ்த்தேன். யானை விழுந்தது.

பச்சையே இல்லை. ஒரு பொட்டு இல்லை. கறுத்த பழுப்பில் வழவழவென்று தோல். தும்பிக்கை, காது, சின்னஞ்சிறு வால் வரைக்கும் தெளிவாக இருந்தது. திருப்பினால் வில், நாண், அம்பு. லென்ஸ் எடுத்துப் பார்த்தேன். ஒரு குழி இல்லை. வெண்கல நோய் வந்த காசை எத்தனை சுத்தம் செய்தாலும் அது தின்ற இடம் அம்மைத் தழும்பாக நிற்கும். இங்கே எந்தத் தழும்பும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்தேன். முன் பக்கமெல்லாம் எந்த ஊர், எந்தப் பட்டி, எத்தனை ஆடு. பின்னட்டையிலிருந்து காசு. ஆட்டுக்கு எழுதுவது போலவே எழுதியிருந்தாய்.

"சதுர யானை. தனியா வெச்சாச்சு. பச்ச இருக்குது. ஊசியில நெரடினா பொடியா உதிரல, பிசுக்கா ஒட்டுது. நாத்தம் இருக்குது, பிளாஸ்டிக் நாத்தம். டப்பாவுல ஈரப் பஞ்சு போட்டு மூடியாச்சு. மொத நாள் ஒன்னுமில்ல. ரெண்டாம் நாள் ஒன்னுமில்ல. மூனாம் நாள் புதுப் பொடி எதும் வல்ல. ரிமூவர்ல தொடச்சா பச்ச பூராப் பஞ்சுக்கு வந்துருச்சு. அடியில தோலு நல்லாருக்குது. நோவு இல்ல."

அதற்குக் கீழே வேறு மையில், "கவராலதான் வந்துருக்குது. அவ ஆசையா வாங்கிக் குடுத்தது. சொல்ல வேண்டாம்."

ஆண்டவரே, அந்த மெத்தென்ற கவர். மலிவான பிளாஸ்டிக் நாளடைவில் வியர்த்து எண்ணெய் விடும், அது செம்பில் பட்டால் பச்சைப் பிசுக்காகும். ஒட்டினால் பிளாஸ்டிக், உதிர்ந்தால் நோய். அவ்வளவுதான் வித்தியாசம். குண்டூசி முனையால் ஒரு தடவை நெருடிப் பார்த்திருந்தால் போதும், அங்கேயே தெரிந்திருக்கும். நான் கவரிலிருந்து காசை வெளியே எடுக்கவே இல்லை, புள்ள. உன் காசை அழுக்காக்கியது என் பரிசு. அந்த அழுக்கை வைத்தே உன்னைச் சபையில் கேலி செய்தேன். உனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. நீ சொல்லவில்லை.

இது போதாதென்று பக்கத்தைத் திருப்பினேன். தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் எழுதியிருப்பாய் போல, எழுத்து ஆடியிருந்தது.

"அவளோட வட்டக் காசு. நிக்கற மனுசன் காலடியில வெளிர்பச்ச. மாவாட்டம் இருக்குது. மேசத்துணியில உதிந்து கெடந்துச்சு, தொட்டுப் பாத்தேன், பொடி. இது நோவு. எல்லாரும் இருக்கறாங்க, இப்ப வேண்டாம். தனியாச் சொல்லோணும். ஜவ்வரிசியிலருந்து எடுக்கச் சொல்லோணும், மொதல்ல அதச் சொல்லோணும்."

கீழே மூன்று வரி.

"போன் பண்ணேன். எடுக்கல."

"போன் பண்ணேன். எடுக்கல."

"போன் பண்ணேன். மழைக்கு முந்திச் சொன்னாத் தேவல."

நான் பீரோவுக்கு ஓடியது எனக்கு நினைவில்லை. டின் கையில் இருந்தது, மூடி வரவில்லை, கரண்டிக் காம்பால் நெம்பினேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. கூட்டத்தில் உன்னை ஜெயித்தாகிவிட்டது, பிறகு காசு எதற்கு? ஜவ்வரிசி பாதி கட்டி தட்டி, அங்கங்கே பச்சை பாய்ந்து கிடந்தது. வட்டக் காசை வெளியே எடுத்ததும் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. ஊதினேன், பறந்தது. காலடியில் தொடங்கியது இடுப்பு வரை ஏறியிருந்தது. நிற்கும் மனிதனுக்குத் தலையும் ஒரு கையும் மட்டும் மிச்சம். கீழே முழுக்கக் குழி. ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்து பிழைத்து வந்தவன் என் டின்னுக்குள் போன மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

தம்பிக்குப் போன் பண்ணினேன். ஜவ்வரிசிக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். "வெள்ளையா வேணும்னா சில பேரு பிளீச்சிங் பவுடர் போட்டு அலசுவாங்கக்கா. நான் கொண்டு வந்தது அப்படித்தான் இருக்கும். ஏன், பாயசம் கசக்குதா?" என்றான். பாயசத்துக்கு இல்லடா, காசுக்கு என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. பிளீச்சிங் பவுடர் உப்பை விட்டுப் போகும், அந்த உப்பு ஈரத்தையும் இழுத்து வைக்கும். செம்புக்கு எது ஆகாதோ அதிலேயே படுக்கை விரித்து, கழுத்து வரை போர்த்தி வைத்திருக்கிறேன். லேபில் பிளீச்சிங் பவுடர் டப்பாவின் மேல் "உலோகத்துக்கு அருகில் வைக்காதே" என்று சீட்டு ஒட்டியதே நான்தான். நீ ஊர்ப் பேச்சாகக் கேட்ட அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. நான் படிப்பைக் காட்டி வாயை அடைத்தேன்.

வட்டக் காசை இப்போது காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். உப்பு இறங்கினால் நோய் நிற்கலாம். போன கால் வராது.

இந்த மாத இரண்டாம் ஞாயிறு பூசையில் "என் பாவமே" என்று நெஞ்சில் தட்டும்போது நிஜமாகவே வலித்தது. நேரே மண்டபத்து மாடிக்குப் போனேன். இரண்டு காசையும் மேசையில் வைத்தேன். யானையை வெறும் வெள்ளைக் காகிதத்தின் மேல், என்னுடையதைத் தண்ணீர்ப் பாட்டிலோடு. கூட்டத்தை நடத்தும் ரிட்டயர்டு தபால்காரர் குனிந்து பார்த்து, "நோவுக் காசு எதும்மா, பாட்டில்ல இருக்கறதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அது என்னுது" என்றேன். "யானைக்கு அன்னிக்கும் ஒன்னும் இல்லை. நான் தொட்டுப் பாக்காம சொன்னேன். நான் கொடுத்த கவர்ல வந்த அழுக்கு அது. அவ மூணே நாள்ல கண்டுபிடிச்சுட்டா."

"கண்டுபுடிச்சவங்க ஏன் நம்மகிட்ட வந்து சொல்லல?"

நோட்டைப் பிரித்து வாசித்தேன். யானைப் பக்கத்தையும் வாசித்தேன், என் பக்கத்தையும் வாசித்தேன். "எல்லாரும் இருக்கறாங்க, இப்ப வேண்டாம்" என்ற இடத்தில் நோட்டை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் நோட்டை வாங்கி மிச்சத்தை வாசித்தார். போன் பண்ணேன் என்ற வரியை மூன்று தடவையும் வாசித்தார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று சிரித்தவர்களில் ஒருவர் எழுந்து போய் யானைக்குப் பக்கத்தில் சீட்டு வைத்து, உன் பெயரைக் கேட்டுக் கேட்டு முழுசாக எழுதினார். தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும் கண்காட்சியில் முதல் காசு அதுதான். என் பாட்டில் கடைசியில் இருக்கும். வெண்கல நோய் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்க்க வேண்டுமல்லவா, அதற்கு நானே கேட்டு வைக்கச் சொன்னேன். டீ வந்தது. நம் பழைய இடத்தில் உட்கார்ந்து கடைசியாக வாங்கிக்கொண்டேன்.

உன் ஊசி ஒன்றும் ஒரு துண்டுப் பஞ்சும் இப்போது என் கைப்பையில் இருக்கின்றன. அன்றைக்கே ஒரு பையன் பச்சைக் காசை நீட்டி "மேடம், இது என்னங்க?" என்று கேட்டான். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். "விட்டுட்டுப் போப்பா, மூணு நாள் கழிச்சுச் சொல்றேன்" என்றேன்.

நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் "மேச்சேரி". எச்சில் கையோடு முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது, உன் போனிலிருந்து பேசியது உன் வீட்டுக்காரர்.

"ஏனுங் டீச்சர், தொந்தரவுங்களா? அந்த நோவுக் காச என்ன பண்ணுனீங்கன்னு அம்மா தெனமும் கேக்கறாங்க. பொதைச்சுப் போட்டீங்களா?"

"அதுக்கு நோவே இல்லீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். காசு நல்லா இருக்கு. அவ பேரு போட்டுக் கண்காட்சியில வைக்கறோம், பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க."

அவருக்குப் பின்னால் ஏதோ ஆடு கத்தியது.

"அது நல்ல காசுன்னு அவளுக்குத் தெரியுங்களா டீச்சர்?"

"தெரியுங்க. அந்த வாரமே தெரியும்."

"அப்பறம் ஏனுங் எங்ககிட்டச் சொல்லல? கவர வேற நெருப்புல போட்டுட்டா. இதத் தூக்கிப் போட்டர்லாமான்னு ரெண்டு மூனு தடவ நானே கேட்டனுங்களே. ஒவ்வொருக்காவும், 'டீச்சர் சொன்னா செரியாத்தான் இருக்கும், தனியாவே கெடக்கட்டும்'னுல்ல சொல்லுவா."

உன் வாயால் ஒரு நாளும் என்னை டீச்சர் என்று சொன்னதில்லை நீ. அவர் முன்னால் மட்டும் சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, புள்ள. சோறு காய்ந்த கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அவர் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.